கோட் ரிவ்யூ: கருத்தைச் சொல்வதும் வாங்கிக்கொள்வதும்

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய நிரலை, மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்ல, பிஆராகப் போடுகிறீர்கள். மறுநாள் காலை திறந்து பார்த்தால் 23 கமெண்ட். பதினைந்து, வேரியபிள் பெயரையும் காலி வரியையும் பற்றியவை. ஐந்து, விளக்கம் கேட்பவை. இரண்டு, உண்மையான பிழைகள். மீதி ஒன்றில் வெறும் “??” மட்டும் இருக்கிறது. அன்று முழுக்க மண்டைக்குள் ஓடுவது அந்த இரண்டு கேள்விக்குறிதான். உருப்படியாகப் பிழை சொன்ன இரண்டு கமெண்ட் கடைசியில்தான் கண்ணில் படும்.

ரிவ்யூவில் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த அளவுதான்: சின்ன விஷயம், தவறான தொனி, தவறான நேரம். ‘ஈகோவைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்வது சுலபம். அப்படிக் கழற்றி வைத்தவர் யாருமில்லை. ஈகோ உரசும் இடங்களை வேண்டுமானால் குறைக்கலாம். அதற்குத் தங்கமான குணம் தேவையில்லை, சில பழக்கங்கள் போதும்.

ரிவ்யூ எதற்கு

ஒருவர் செய்த மாற்றத்தை மெயின் பிராஞ்சில், அதாவது டீமின் பொதுவான நிரலில், சேர்ப்பதற்கு (மெர்ஜ்) முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பதுதான் கோட் ரிவ்யூ. நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்த மாற்றத்தைப் புல் ரிக்வெஸ்ட் என்பார்கள், பேச்சில் பிஆர். கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்ட். எழுதியவர் ஆத்தர், படிப்பவர் ரிவ்யூவர்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1976-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன், நிரலை நான்கைந்து பேர் கூடி வரிவரியாகச் சோதிக்கும் ‘இன்ஸ்பெக்ஷன்’ முறையை எழுதி வெளியிட்டார். அதில் மேனேஜர்களுக்கு அழுத்தமாக ஒரு எச்சரிக்கையும் வைத்தார்: இங்கே கிடைக்கும் பிழைக் கணக்கை எழுதியவரின் வேலைத்திறனை மதிப்பிட ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. காரணம் வெளிப்படை. எத்தனை பிழை வந்தது என்பது அப்ரைசலில் ஏறும் என்று தெரிந்தால் ஒவ்வொரு கமெண்டும் சம்பளத்தில் விழும் அடியாகத் தெரியும். ஆத்தர் கடைசிவரை சப்பைக்கட்டுக் கட்டத்தான் பார்ப்பார். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, இன்னமும் சில டீம்களில் ‘யாருடைய பிஆரில் எத்தனை கமெண்ட்’ என்று டாஷ்போர்டு ஓடுகிறது. அந்த டாஷ்போர்டு இருக்கும்வரை இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் பாதிதான் பலிக்கும்.

அதற்கும் முன்பே, 1971-இல், ஜெரால்டு வெயின்பெர்க் ‘ஈகோ இல்லாத நிரலாக்கம்’ என்ற கருத்தை முன்வைத்திருந்தார். எழுதிய நிரலைத் தன் உடம்பில் ஒரு பாகமாக நினைப்பவருக்கு அதிலிருக்கும் பிழை கண்ணுக்கே தெரியாது என்பது அதன் சாரம். பிழையை ஒப்புக்கொண்டால் தன்னையே குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் அல்லவா?

ரிவ்யூ என்றால் பிழை பிடிப்பது என்று மட்டும் நினைப்பதும் சிக்கலின் ஒரு பங்கு. பக்கெல்லி, பேர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்டில் நடக்கும் ரிவ்யூக்களை ஆராய்ந்து 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ரிவ்யூவிடம் எல்லாரும் முதலில் எதிர்பார்த்தது பிழை பிடிப்பதை. ஆனால் நடைமுறையில் அது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நிரல் தெளிவாவது, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் போய்ச் சேர்வது போன்ற பலன்களே முன்னே நின்றன. ‘உன் தப்பைப் பிடிக்க வந்தேன்’ என்ற நினைப்போடு திறப்பதற்கும் ‘நாளைக்கு இதை நானும் பராமரிக்க வேண்டும், புரிகிறதா பார்க்கிறேன்’ என்ற நினைப்போடு திறப்பதற்கும் எழுதும் வாக்கியத்திலேயே வித்தியாசம் தெரியும்.

சண்டை பிஆர் போடும்போதே தொடங்குகிறது

பலரும் கவனிக்காத இடம் இது. 1,800 வரி மாற்றத்தை, ‘பக் ஃபிக்ஸ்’ என்ற ஒற்றைத் தலைப்போடு, மாலை ஐந்து மணிக்குப் போட்டு, ‘நாளைக்கு ரிலீஸ், கொஞ்சம் சீக்கிரம்’ என்று கேட்டால் ரிவ்யூவருக்கு இரண்டே வழி. படிக்காமலே அப்ரூவ் செய்யலாம், அல்லது எரிச்சலோடு படிக்கலாம். அந்த எரிச்சல்தான் பிறகு கமெண்டில் ஒழுகுகிறது.

சிஸ்கோவின் ஒரு டீமில் நடந்த ரிவ்யூக்களை வைத்து ஸ்மார்ட்பேர் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல அளவைத் தருகிறது: ஒரு தடவைக்கு 200 முதல் 400 வரி, அதற்கு மேல் போனால் கண் பிழையைத் தவறவிடத் தொடங்கும். ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் படிப்பதும் வீண்.

ஆகவே முதலில் பிரியுங்கள். ஃபோல்டர் மாற்றம், பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங் எல்லாம் ஒரு பிஆர். நிரலின் நடத்தையை மாற்றும் வரிகள் தனி பிஆர். முந்நூறு வரி இடம் மாறியதற்கு நடுவே நான்கு வரி லாஜிக் மாறியிருந்தால் அந்த நான்கை யாரும் பார்க்க மாட்டார்கள். விளக்கத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கட்டும்: என்ன பிரச்சினை, ஏன் இந்த வழி, எப்படிச் சோதித்தீர்கள். வேறு வழியை யோசித்துக் கைவிட்டிருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வரவிருந்த நான்கு கமெண்ட் அந்த ஒரு வரியில் நின்றுபோகும். பிறகு ரிவ்யூவரை அழைக்கும் முன் டிஃப்பை, அதாவது மாறிய வரிகளின் பட்டியலை, நீங்களே ஒருமுறை படியுங்கள். மறந்துபோன டீபக் பிரிண்ட், ஓடாதபடி குறியிட்டு ஒதுக்கிய பழைய வரிகள் எல்லாம் அங்கேயே மாட்டும். இன்னும் முடிக்காத வேலைக்குக் கருத்து மட்டும் வேண்டுமென்றால் டிராஃப்ட் பிஆராகப் போடலாம். ‘அணுகுமுறை சரியா என்று மட்டும் பாருங்கள், பெயர்களை இன்னும் தொடவில்லை’ என்று சொல்லிவிட்டால் யாரும் பெயரைப் பிடித்துத் தொங்க மாட்டார்கள்.

கமெண்ட் எழுதுபவருக்கு

ஒரு கமெண்டை நுணுக்கமாகப் பார்ப்போம். ஆர்டர் பட்டியலைக் காட்டும் ஒரு பக்கம். ஆத்தர் முதலில் எல்லா ஆர்டரையும் எடுக்கிறார், பிறகு லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை டேட்டாபேஸில் தேடுகிறார், அதாவது க்வெரி போடுகிறார். ரிவ்யூவர் இப்படி எழுதுகிறார்:

“லூப்புக்குள்ள யாராவது க்வெரி போடுவாங்களா? பெர்ஃபார்மன்ஸ் பத்தி யோசிக்கவே மாட்டீங்களா?”

சொன்ன விஷயம் சரி. ஆனால் இரண்டு வாக்கியமும் ஆளைப் பற்றியவை. நிரலைப் பற்றி எதுவும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் முகத்திலடித்த மாதிரி இப்படி வந்தால், ஆத்தர் லூப்பை விட்டுவிட்டுத் தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். அதையே இப்படி எழுதலாம்:

“கட்டாயம்: இந்த லூப்பில் ஆர்டருக்கு ஒரு க்வெரி போகிறது. 200 ஆர்டர் இருந்தால் மொத்தம் 201 க்வெரி. வாடிக்கையாளர் ஐடிகளைச் சேர்த்து ஒரே க்வெரியில் எடுத்துவிடலாம். பக்கத்து இன்வாய்ஸ் மாட்யூலில் இதே மாதிரி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்த முடியுமா பாருங்கள்.”

நான்கு விஷயம் இதில் இருக்கிறது: எவ்வளவு முக்கியம், என்ன நடக்கிறது, அதனால் என்ன கெடும், எப்படிச் சரிசெய்யலாம். ‘நீங்கள்’ என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. வாக்கியத்தின் எழுவாயாக ‘இந்த லூப்’, ‘இந்த ஃபங்ஷன்’ என்று வைத்துப் பழகினாலே பாதித் தொனி தானாகச் சரியாகிவிடும்.

எவ்வளவு முக்கியம் என்று முதல் சொல்லிலேயே சொல்வது எல்லாவற்றையும்விட மேல். எழுத்தில் குரல் கேட்காது. ‘இந்தப் பெயர் மாறினால் நன்றாக இருக்கும்’ என்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கட்டளையாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அதனால் டீமுக்குள் நான்கைந்து முன்னொட்டை முடிவுசெய்துகொள்ளுங்கள். ‘கட்டாயம்’ என்றால் மாற்றாமல் மெர்ஜ் கூடாது. ‘யோசனை’ என்றால் ஆத்தர் ஏற்கலாம், மறுக்கலாம். ‘கேள்வி’ என்றால் பதில் மட்டும் போதும். ‘நிட்’ என்றால் கண்ணில் பட்ட சில்லறை விஷயம், விட்டாலும் குற்றமில்லை. கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டியிலும் இந்த ‘நிட்’ உண்டு.

கேள்வி வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. மென்மையாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேள்வியாக மாற்றுவார்கள். ‘இங்கே நல் (null) செக் வேண்டாமா?’ என்பது கேள்வியே இல்லை, முகமூடி போட்ட குற்றச்சாட்டு. பதில் தெரிந்திருந்தால் நேராகச் சொல்லுங்கள்: ‘முகவரி காலியாக வந்தால் இந்த வரியில் கிராஷ் ஆகும்’. நிஜமாகவே தெரியாதபோது மட்டும் கேளுங்கள், அப்போதும் ‘ஏன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘ஏன் இப்படிப் பண்ணீங்க’ என்பது விசாரணை மாதிரி ஒலிக்கும். ‘இங்கே கேஷைத் (cache) தவிர்த்ததற்குக் காரணம் ஏதாவது இருக்கிறதா?’ என்பதில் காரணம் இருக்கலாம் என்ற மரியாதை சேர்ந்தே வருகிறது. ‘சும்மா’, ‘ஈஸியா’, ‘இதுகூடவா’ போன்ற சொற்களுக்குக் கமெண்டில் வேலையே இல்லை. எளிது என்று நீங்கள் சொன்னது எதிரில் இருப்பவருக்கு எளிதாக இல்லாவிட்டால், அவருக்குக் கேட்பது ‘உனக்கு இதுகூடத் தெரியாதா’ என்றுதான்.

ஒரே தவறு பன்னிரண்டு இடத்தில் இருந்தால் பன்னிரண்டு கமெண்ட் போடாதீர்கள். முதல் இடத்தில் விளக்கிவிட்டு ‘இந்த ஃபைலில் இதே மாதிரி மற்ற இடங்களையும் பார்த்துவிடுங்கள்’ என்றால் முடிந்தது.

பாராட்டும் எழுதலாம், ஆனால் குறிப்பாக. ‘சூப்பர்’ என்பதில் சாரம் கிடையாது. ‘டைம்அவுட் வந்தாலும் ஃபைல் ஹேண்டில் மூடப்படுகிறதா என்று டெஸ்ட் எழுதியது நல்ல விஷயம்’ என்பது அடுத்தமுறையும் அவரை அதைச் செய்யவைக்கும். இரண்டு திட்டுக்கு நடுவே ஒரு பாராட்டைச் சொருகும் உத்தி மட்டும் வேண்டாம். அது எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்டது, பாராட்டு வந்தாலே ‘அடுத்து என்ன’ என்று பயப்படுகிறார்கள்.

கடைசியாக, எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்பதும் பேச்சுதான். கிட்ஹப்பில் கருத்து மட்டும் சொல்லலாம், ஒப்புதல் தரலாம், மாற்றம் கேட்டு நிறுத்தலாம். கெரிட் என்ற ரிவ்யூ கருவி இன்னும் நுணுக்கமானது: கழித்தல் 1 என்றால் ‘இப்படியே சேர்க்காமலிருந்தால் நல்லது’, கழித்தல் 2 என்றால் ‘சேர்க்கவே கூடாது’. வேறு யார் கூட்டல் 2 போட்டாலும் அந்தத் தடை தானாக நீங்காது. நிட் மட்டுமே மிச்சம் இருக்கும் பிஆரை நிறுத்திவைப்பது வீண் வீம்பு. ‘இரண்டு சின்ன விஷயம் எழுதியிருக்கிறேன், பார்த்துவிட்டு மெர்ஜ் செய்துகொள்ளுங்கள்’ என்று ஒப்புதலையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். உங்களை நம்புகிறேன் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

தாமதமும் ஓர் அவமதிப்பாகவே படும். கூகுள் வழிகாட்டி ஒரு வேலைநாளை மேல்வரம்பாக வைக்கிறது. அதற்குள் முழு ரிவ்யூ முடிய வேண்டுமென்றில்லை, முதல் பதிலாவது வர வேண்டும். ‘நாளை மதியம்தான் பார்க்க முடியும், அவசரமென்றால் வேறு யாரையாவது சேருங்கள்’ என்று ஒரு வரி போதும்.

கமெண்ட் வாங்குபவருக்கு

முதல் கமெண்டைப் படித்ததும் பதில் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்து வாருங்கள். சுருக்கென்று தைத்த கமெண்டுக்கு எழுதும் முதல் பதில் ஏறக்குறைய எப்போதும் ஆளுக்கு எழுதும் பதிலாகவே இருக்கும்.

திரும்பி வந்ததும் பிரியுங்கள்: சரி என்று தெரிவது, புரியாதது, ஒத்துப்போக முடியாதது. முதல் வகையைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு ‘மாற்றிவிட்டேன்’ என்று அந்தக் கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) குறிப்பிட்டால் போதும், பக்கம் பக்கமாக மன்னிப்பு வேண்டாம். இரண்டாம் வகையில் ஒரு வித்தியாசமான விஷயம் உண்டு. ரிவ்யூவர் உங்கள் நிரலைத் தவறாகப் புரிந்துகொண்டு கமெண்ட் போட்டிருந்தால், ‘சரியாகப் படிக்கவில்லை’ என்றுதான் கை துறுதுறுக்கும். ஆனால் கவனமாகப் படிக்க உட்கார்ந்த ஒருவருக்கே குழம்பியது என்றால், ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அவசரமாகத் திறப்பவருக்கும் குழம்பும். அதனால் விளக்கத்தைக் கமெண்ட் பெட்டியில் எழுதாமல் நிரலிலேயே வையுங்கள்: பெயரை மாற்றுங்கள், அல்லது மேலே ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள்.

பதில் எதுவும் சொல்லாமல் ‘ரிசால்வ்’ அழுத்தி மூடுவது மோசமான பழக்கம். கேட்டவருக்குக் கதவைச் சாத்திய மாதிரி இருக்கும். மூடும் உரிமை யாருக்கு என்று டீமில் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கமெண்ட் போட்டவரே மூடுவது பாதுகாப்பான வழக்கம். அதேபோல், ரிவ்யூ நடுவில் இருக்கும்போது ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் பண்ணினால் (பழைய கமிட்டுகளை மாற்றி எழுதி மேலேற்றினால்), போன முறை பார்த்ததிலிருந்து எது மாறியது என்று கண்டுபிடிப்பது ரிவ்யூவருக்குப் பெரும்பாடு. திருத்தங்களைத் தனிக் கமிட்டாகச் சேர்த்து, மெர்ஜுக்கு முன் ஒன்றாக்குங்கள்.

மூன்றாம் வகைதான் சண்டை விளையும் நிலம். ஓர் உதாரணம். பணம் செலுத்தும் சேவையை அழைக்கும் ஒரு ஃபங்ஷன், டைம்அவுட் வந்தால், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், மூன்று முறை மறுபடி முயல்கிறது. ரிவ்யூவர் ‘கட்டாயம்: இந்த ரீட்ரையை எடுங்கள்’ என்கிறார். அந்தச் சேவை அடிக்கடி மெதுவாகிறது, ரீட்ரை இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பிழைச் செய்திதான் வரும் என்று ஆத்தருக்குத் தெரியும். இரண்டு பேரும் இரண்டு முறை எழுதினார்கள், குரல் ஏறிவிட்டது. நிஜத்தில் ரிவ்யூவரின் பயம் வேறு: டைம்அவுட் வந்தால் பணம் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமில்லை. எடுத்த பிறகு பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். மறுபடி அழைத்தால் இரண்டு முறை பிடித்தம் ஆகும். ஒருவர் தோல்வியைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் இரட்டிப்பைப் பற்றி. ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி அடையாள எண் அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பிடிக்காதபடி அந்தச் சேவையிலேயே வசதி இருந்தால் ரீட்ரையும் இருக்கும், இரட்டிப்பும் வராது. இரண்டு பேர் சொன்னதும் சரி. காரணத்தை எழுதாமல் முடிவை மட்டும் எழுதியதில் வந்த வினை இது.

மறுக்கும்போது அதனால் ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று எழுதாதீர்கள். எதைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள், அவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கேளுங்கள். இரண்டு சுற்றில் முடியாத விவாதத்தை எழுத்தில் தொடராதீர்கள். பத்து நிமிடம் அழைத்துப் பேசுங்கள். பேசி முடித்ததும் எடுத்த முடிவை அதே கமெண்டின் கீழ் இரண்டு வரியில் பதியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார்.

அப்போதும் ஒத்துவரவில்லையென்றால்? பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர் இரு பக்கமும் உண்டு. பாதுகாப்பு, தரவு இழப்பு சம்பந்தப்பட்டதென்றால் மூன்றாமவரைக் கூப்பிட்டு முடிவெடுங்கள். வெறும் ரசனை என்றால் எழுதியவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். கூகுள் வழிகாட்டியின் அளவுகோல் இங்கே கைகொடுக்கும்: மாற்றம் முழு நிறைவாக இல்லாவிட்டாலும், மொத்த நிரலை முன்பைவிட நல்ல நிலைக்குக் கொண்டுபோகிறதென்றால் ஒப்புதல் கொடு.

மெஷினிடம் தள்ளிவிட வேண்டியவை

1999-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவில் பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு மடலிலிருந்து ‘பைக்ஷெட்’ என்ற சொல் நிரலாளர் வட்டாரத்தில் பரவியது. அணு உலைத் திட்டத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், சைக்கிள் கொட்டகைக்கு என்ன வண்ணம் என்றால் ஆளாளுக்குக் கருத்து வைத்திருப்பார்கள். மேலே சொன்ன 23 கமெண்டில் பதினைந்து அந்தக் கொட்டகைதான். காலி வரி, மேற்கோள் குறி, இறக்குமதி வரிசை எல்லாவற்றையும் ஃபார்மேட்டருக்கும் (நிரலின் வடிவத்தைத் தானாகச் சீராக்கும் கருவி) லின்டருக்கும் (நிரலைத் தானாகச் சோதிக்கும் கருவி) விடுங்கள்: பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர், கோ மொழிக்கு அதனோடே வரும் கோஃபம்ட். மெஷின் ‘இந்த வரி தப்பு’ என்றால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை.

பெரியவர், சின்னவர்

சீனியரின் பிஆருக்குப் புதியவர் கமெண்ட் போடத் தயங்குவது இயல்பு. ‘இது எனக்குப் புரியவில்லை, இந்த ஃபிளாக் எப்போது மாறும்?’ என்ற கேள்வியில் தொடங்கலாம். அதில் யாருக்கும் குறைச்சலில்லை, சில சமயம் பிழையும் அங்கேயே வெளிப்படும். பொறுப்பு சீனியருக்குத்தான் அதிகம். தன் பிஆரில் வந்த நல்ல கமெண்டுக்கு ‘நான் கவனிக்கவில்லை, நன்றி’ என்று எல்லாரும் பார்க்க அவர் ஒருமுறை எழுதிவிட்டால், பத்து மீட்டிங்கில் சொல்லிப் புரியவைக்க முடியாதது புரிந்துவிடும்.

கடுமையாகப் பேசினால்தான் தரம் நிற்கும் என்று நம்புவோர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை உதாரணம் காட்டுவார்கள். அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில், 4.19 பதிப்பின் சோதனை வெளியீட்டு அறிவிப்போடு சேர்த்து, தன் மடல்களில் மற்றவர்களைத் தாக்கி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். கெர்னலுக்குப் புதிய நடத்தை விதியும் அப்போதுதான் வந்தது. அதன் பிறகும் அங்கே மோசமான மாற்றங்கள் நிராகரிக்கப்படுகின்றன.

அப்ரூவ் ஆன பிறகு உடைந்தால்

மெர்ஜ் ஆகி இரண்டு நாளில், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்ஷனில் ஒரு பிழை வெடிக்கிறது. ‘நீங்கள் பார்த்துத்தானே அப்ரூவ் பண்ணினீர்கள்’ என்பார் ஆத்தர். ‘எழுதியது நீங்கள்’ என்பார் ரிவ்யூவர். அன்றைய பேச்சை இந்த வாக்கியங்களில் தொடங்காதீர்கள். முதலில் மாற்றத்தைப் பின்வாங்குங்கள். பிறகு அந்தப் பழைய பிஆரைத் திறந்து, இந்தப் பிழை டிஃப்பில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்ததா, அல்லது தொடாத வேறொரு ஃபைலில் இருந்ததா என்று பாருங்கள். தெரியும் இடத்தில் இருந்தால் பிஆரின் நீளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைக்கும். தெரியாத இடத்தில் இருந்தால் எந்த ரிவ்யூவரும் பிடித்திருக்க முடியாது, அதற்கு ஒரு டெஸ்ட்தான் வேண்டும். அந்த டெஸ்டை ஆத்தர் எழுதட்டும், முதல் ஆளாக அதை ரிவ்யூ செய்பவர் அதே ரிவ்யூவராக இருக்கட்டும்.